கவிழ்த்து வைத்த படம்

சென்ற மாதம், இங்கே மொரீஷியஸில், கிரேட் 5 பிள்ளைகளுக்குத் தமிழ் எண்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாடத்துக்குப் புத்தகத்தில் இருக்கிற படங்களைவிட நம் ரூபாய் நோட்டுதான் பொருத்தம் என்று எனக்கு ஒரு பழைய நம்பிக்கை. கடைக்குப் போகும்போது பிள்ளைகள் தினமும் கையில் பிடிக்கிற பொருள் அது. அதில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன என்பதைப் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். காட்டியதும் கண் விரியும். அன்றைக்கு நூறு ரூபாய் நோட்டை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். கடைசி வரிசையில் இருக்கிற ஒரு பையன், எண்ணைப் பார்க்காமல் நோட்டில் இருக்கும் முகத்தைப் பார்த்துவிட்டு, இவர் தமிழர்தானே மிஸ் என்று கேட்டான். ஆமாம், ரங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அமைச்சர், நாடு சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்றேன். அவன் விடவில்லை. நம் ஆட்கள் யாராவது ஜனாதிபதியாக இருந்திருக்கிறார்களா என்றான். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் கேட்டான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இருந்திருக்கிறார்களே என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். 1992 மார்ச் 12ஆம் தேதி நாடு குடியரசானபோது முதல் ஜனாதிபதியே சர் வீராசாமி ரிங்காடுதான், ஜூன் கடைசி வரைக்கும். அப்புறம் அங்கிடி செட்டியார், மூன்று நாள் பொறுப்பு ஜனாதிபதி. அவருக்குப் பின்னால் தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை, ஒரு வாரம். பிறகு 2018இல் பார்லென் வையாபுரி, அவரும் பொறுப்புதான், ஆனால் இருபது மாதத்துக்குப் பக்கம். பிள்ளைகள் மாதக் கணக்கும் நாள் கணக்கும் போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். எண் பாடத்துக்கு நல்லதாகவே அமைந்தது. அந்தப் பையன் மட்டும் கூட்டாமல், ஒரு வாரத்தில் அந்த நீதிபதி என்ன செய்தார் என்று கேட்டான். ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் என்று சொன்னேன். அவ்வளவுதானா மிஸ் என்றான். அவ்வளவுதான் என்றேன். மணி அடித்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'அவ்வளவுதான்' என் தொண்டையிலேயே நின்றது. 1996 முதல் 2007 வரை, பதினொரு ஆண்டு இந்தத் தீவின் உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்த ஒரு மனிதரை, ஒரு வாரத்துக்குள், அதிலும் ஒரு கையெழுத்துக்குள் அடக்கிப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். என் தவறு என்று தெரிந்தும் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்பது அன்றைக்குப் புரியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அவர் அப்படித்தான் அடங்கிப்போயிருந்தார்.

அப்பாவின் மேசை

அப்பா தலைநகர் போர்ட் லூயிஸில் ஓர் அட்டர்னியிடம் குமாஸ்தாவாக இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஜூல் கேனிக் தெருவில் இருந்த பழைய உச்ச நீதிமன்றத்துக்குத் தினமும் கட்டுக் காகிதத்தோடு போய் வந்தவர். 2020இல் இந்திய உதவியில் எடித் கேவல் தெருவில் எழுந்த புதுக் கட்டடத்தைப் பார்க்க அவர் இல்லை. நீதிமன்றக் கதைகள்தான் எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்துக் கதைகள். சாட்சி கிரியோலில் அழுவார். வக்கீல் 1808இல் இங்கு வந்த நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தைப் பிரெஞ்சிலேயே படித்துக் காட்டுவார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். பிரிட்டிஷ்காரர்கள் 1810இல் தீவைப் பிடித்தபோது சட்டத்தையும் மதத்தையும் வழக்கத்தையும் தொடமாட்டோம் என்று கொடுத்த வாக்கின் மிச்சம் இது என்பார் அப்பா. மூன்று மொழியில் ஒரு நியாயம் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. நாலாவதாகத் தமிழ் அங்கே எங்கே இருக்கிறது என்று நான் ஒரு முறை கேட்டேன். பெயர்ப் பலகையில் இருக்கிறது என்றார்.

1996இல் அரிரங்க கோவிந்தசாமி பிள்ளை தலைமை நீதிபதியானபோது அந்தப் பேச்சுக்கு முழு அர்த்தம் வந்தது. பத்திரிகையில் வந்த படத்தை அப்பா கத்தரித்துத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் என் தம்பியின் பள்ளிக்கூடப் படம். அப்பாவுக்கு அவரை நேரில் பழக்கம் கிடையாது. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று தலைவணங்குவார், அவ்வளவுதான் உறவு. ஆனாலும் அந்தப் படம் வீட்டுக்கு ஒரு தெம்பு கொடுத்தது.

அந்த வருஷங்களில் எங்களுக்கு அந்தத் தெம்பு தேவையாகவும் இருந்தது. 1998 கடைசியில் வந்த புது நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே வைத்தார்கள். கோயில்களிலும் தெருவிலும் எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே வருஷம் பிப்ரவரியில் எங்கள் தமிழ் ஆசிரியர்களின் பிழைப்போடு சம்பந்தப்பட்ட ஒரு தீர்ப்பும் வந்தது. ஆரம்பப் பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதிய சி.பி.இ. தேர்வின் தரவரிசையில் தமிழ், இந்தி, உருது போன்ற மொழிகளின் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்கலாம் என்று அரசு செய்த ஏற்பாட்டை இங்குள்ள உச்ச நீதிமன்றம் செல்லாது என்றிருந்தது. எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது. சட்டம் படித்தவர்களுக்கு அது சமத்துவம் பற்றிய பெரிய வழக்கு. எனக்கு, என் வகுப்பில் இருக்கிற பிள்ளை தமிழை மதிப்பெண்ணோடு படிக்குமா மதிப்பெண் இல்லாமல் படிக்குமா என்கிற கேள்வி. சட்டம் என்பது எங்கோ மலை மேல் நடக்கிற காரியம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 2002

அந்த வருஷம் ஆரம்பமே சரியில்லை. ஜனவரி 22ஆம் தேதி டினா புயல் வந்து போனது. மின்சாரம் இல்லாத வீட்டில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு தைப்பூசக் காவடிக்கு மூங்கில் சீவினோம். மின்சாரம் திரும்பி வந்து தொலைக்காட்சியைப் போட்டால், எல்லாரும் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு ஐ.நா. பாதுகாப்பு அவை உலக நாடுகள் எல்லாவற்றையும் சட்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தது. இங்கே பிரதமர் அனெருத் ஜக்நாத்தின் அரசு கொண்டுவந்த சட்டத்தில் பலருக்கு உறுத்தியது ஒரு பிரிவு. சந்தேகத்தில் பிடித்த ஆளை 36 மணி நேரம் வக்கீலைக்கூடப் பார்க்க விடாமல் போலீஸ் வைத்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் பாடகர் கயா போலீஸ் காவலில் இறந்து நாடே பற்றி எரிந்தது. பூட்டிய அறைக்குள் 36 மணி நேரம் என்றால் என்ன என்று இந்தத் தீவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜனாதிபதி காசம் உத்தீம் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை பதவி விலகினார். துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியார் பொறுப்புக்கு வந்தார். அவர் தொழிற்கட்சியின் பழுத்த ஆள். அவரும் போட மறுத்துத் திங்கட்கிழமை விலகினார். அரசியல் சாசனப்படி அடுத்த ஆள் தலைமை நீதிபதி. அரிரங்க பிள்ளை ஜனாதிபதியின் லெ ரெதுயி மாளிகையின் பொறுப்பை ஏற்றார், கையெழுத்துப் போட்டார். 25ஆம் தேதி, அதற்கடுத்த திங்கட்கிழமை, நாடாளுமன்றம் கார்ல் ஆஃப்மானைப் புது ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. பத்து நாளில் எல்லாம் முடிந்தது.

அந்தப் பத்து நாளில் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அப்பாவின் சிநேகிதர் ஒருவர், நாங்கள் தோந்தோன் என்று கூப்பிடுவோம், ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். செட்டியார் விலகியபோது இருவரும் ஒரே குரலில் பெருமைப்பட்டார்கள். கையெழுத்துச் செய்தி வந்ததும் பிரிந்தார்கள். நாடு தலையில்லாமல் நிற்கிறது, அவரும் போட மாட்டேன் என்றால் அடுத்து யார், மகாகவர்னரா வருவார் என்று தோந்தோன் கேட்டார். அப்பா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மற்றவங்க கையெழுத்து வேற, ஜட்ஜ் கையெழுத்து வேற. நாளைக்கு அந்தச் சட்டத்தால அடிபட்டவன் யார்கிட்ட போவான்? இவர்கிட்டதானே போகணும்?" பேச்சு தடித்தது. தோந்தோன் ரசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த சில மாதம் அவர் வரவில்லை.

அன்று இரவு அப்பா மேசைக் கண்ணாடியைத் தூக்கிப் படத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடிக்குக் கீழே முருகனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் பல வருஷம் அப்படியே இருந்தது. சுற்றிலும் மரம் வெயிலில் நிறம் மாற, அந்த இடம் மட்டும் மாறவில்லை. நான் அப்போது வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா செய்தது சரி என்றே நினைத்தேன். விலகியவர்கள் வீரர்கள், போட்டவர் பணிந்தவர் என்கிற கணக்கு அந்த வயதுக்கு எளிதாக இருந்தது. அந்தக் கணக்கைத்தான் இத்தனை வருஷம் கழித்துப் பிள்ளைகளிடம் 'அவ்வளவுதான்' என்று ஒப்பித்திருக்கிறேன்.

துருப்பிடித்த குண்டூசி

அப்பா இறந்த பிறகு அந்த மேசை என்னிடம் வந்தது. இழுப்பறையில் இருந்ததை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து திறந்தேன். 1996ஆம் வருஷப் படம் இருந்தது. ஆனால் தனியாக இல்லை. அதோடு இன்னொரு கத்தரிப்பு, குண்டூசி குத்திச் சேர்த்திருந்தார். ஊசி துருவேறிக் காகிதத்தில் பழுப்பு வளையம் விழுந்திருந்தது. இரண்டாவது 2006ஆம் வருஷத்துச் செய்தி. ஜாமீன் பற்றிய ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில், நம் உச்ச நீதிமன்றம் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்த செய்தி. ஓரத்தில் பென்சிலால் நேராக ஒரு கோடு. அப்பா முக்கியமான பத்திகளுக்கு அலுவலகத்தில் அப்படித்தான் கோடு போடுவார்.

அந்த வழக்கை அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1994இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, போதைப்பொருள் வழக்கில் ஏற்கனவே சிக்கியிருந்து மறுபடியும் அதில் பிடிபட்ட ஆளுக்கு விசாரணை முடியும்வரை ஜாமீனே கிடையாது என்று சட்டம் போட வழி செய்திருந்தார்கள். பிறகு போதைப்பொருள் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவும் வந்தது. கைதான ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தமே செல்லாது என்றது. நம் அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு ஒரே வாக்கியம்தான்: மொரீஷியஸ் இறையாண்மையுள்ள ஜனநாயக நாடு. ஒருவரை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை. அந்த வேலையை நீதிபதியின் கையிலிருந்து பிடுங்கிச் சட்டமன்றமே முடிவுசெய்தால் ஜனநாயகம் என்கிற சொல்லுக்குப் பொருள் போய்விடும். அந்த முதல் பிரிவைத் தொட வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் அத்தனை பேரும் ஆதரித்து வாக்களிக்க வேண்டும், அதற்கு மேல் மக்கள் வாக்கெடுப்பில் மொத்த வாக்காளர்களில் முக்கால்வாசிப் பேர் சரி என்று சொல்ல வேண்டும். 1994இல் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆக, திருத்தம் செல்லாது. 2006இல் லண்டனும் இதை ஒப்புக்கொண்டது.

இந்த வழக்கு இங்கே நடந்தது அரிரங்க பிள்ளை தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில். கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாதி இடத்தைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2004இல் பிரிவி கவுன்சில் உறுதி செய்ததும் அதே காலத்தில்தான். ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு எல்லாம் தலைமை நீதிபதியின் தனிச் சொத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே பல நீதிபதிகள் இருக்கிறார்கள், அவரவர் மனசாட்சி அவரவருக்கு. ஆனால் அரசு முகம் சுளிக்கிற தீர்ப்பை ஒரு நீதிபதி பயமில்லாமல் எழுதுகிற இடமாக ஒரு நீதிமன்றம் இருப்பது தானாக நடப்பதில்லை. நீதிபதிகளையும் மாஜிஸ்திரேட்டுகளையும் தேர்ந்தெடுக்கும் நீதித்துறை ஆணையத்துக்குத் தலைவர் தலைமை நீதிபதிதான். எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்று பார்ப்பதும் அந்த அறையிலிருந்துதான். லண்டனுக்குப் போவதற்கு முன், மேல்முறையீட்டுக்கென்று உள்ளூரில் தனி நீதிமன்றம் இல்லாத நாடு இது. இன்று தீர்ப்புச் சொன்னவருக்குப் பக்கத்து அறையில் இருப்பவர்தான் நாளை அதன் மேல்முறையீட்டைக் கேட்பார். அப்படிப்பட்ட சின்ன இடத்தில் பதினொரு வருஷம் ஒருவர் மற்றவரை மதிக்கும்படி நடத்திக்கொண்டு போவதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. செய்தியில் வராத பகுதி. அப்பா மாதிரித் தாழ்வாரத்தில் நடந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த பகுதி.

அதனால்தான் ஊசி குத்தி வைத்தாரோ? அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தைத் திரும்பக் கண்ணாடிக்குக் கீழே வைக்கவும் இல்லை. 2006இல் ஒரு நாள் இழுப்பறையைத் திறந்து, கவிழ்த்து வைத்த படத்தை எடுத்து, இந்தச் செய்தியை அதோடு சேர்த்து, மறுபடியும் மூடியிருக்கிறார். மன்னித்தாரா, கணக்கைச் சரிபார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நான்கு வருஷமாக அந்தக் கையெழுத்து அவரையும் விடவில்லை.

அந்த நாற்காலி

சாசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வாரத்தை நானும் மறுபடி யோசித்தேன். மசோதா பிடிக்காவிட்டால் ஜனாதிபதி அதை 21 நாளுக்குள் ஒரே ஒரு முறை சபைக்குத் திருப்பி அனுப்பலாம், மறுபடி யோசியுங்கள் என்று. சபை திருத்தியோ திருத்தாமலோ இரண்டாம் முறை நிறைவேற்றினால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். கடைசி வரை போட மாட்டேன் என்பவருக்கு இருக்கிற ஒரே வழி வாசல்தான். உத்தீம் அந்த வாசல் வழியே போனார். பத்து வருஷம் நாடு மதித்த மனிதர், 1999 கலவரத்தில் கார்டினல் மார்ஷோவோடு தெருவில் இறங்கி அமைதி கேட்டவர். அவர் விலகியதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். செட்டியார் விலகியதையும் அப்படியே. அந்த வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில், பதவியை விட்டு எழுந்து போக ஒரு தமிழருக்கு மூன்று நாள் போதும் என்று பார்த்ததில் எங்களுக்கெல்லாம் முதுகு நிமிர்ந்தது உண்மை.

ஆனால் தலைமை நீதிபதிக்கு அதே வாசல் இருந்ததா? உத்தீமும் செட்டியாரும் விட்டது ஜனாதிபதி நாற்காலியையும் துணை ஜனாதிபதி நாற்காலியையும். பிள்ளை அங்கே போய் உட்கார்ந்ததே தலைமை நீதிபதி என்பதால். மாட்டேன் என்று எழுந்தால் அவர் உச்ச நீதிமன்றத்திலிருந்தே எழுந்து போக வேண்டியிருக்கும். அவர் இடத்துக்கு அடுத்த மூத்த நீதிபதி வருவார், அதே பேனா அவர் கைக்கும் போகும். ஒவ்வொரு நீதிபதியாக வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கடைசியில் யார் மிஞ்சுவார்? இதைத்தான் தோந்தோன் அன்றைக்கு ரசத்தை வைத்துவிட்டுக் கேட்டார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

அப்பா கேட்டதும் அதே அளவு சரி. தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட சட்டத்தை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டால் அந்த அமர்வில் அவர் உட்கார முடியாது. ஒதுங்கிக்கொள்வார், சரி. ஆனால் சாதாரண ஆளின் மனதில், பெரிய ஜட்ஜே ஒப்புக்கொண்ட சட்டம் இது என்கிற எண்ணம் ஒதுங்காது. இரண்டு பேரும் சரி என்றால் தப்பு எங்கே இருக்கிறது? என் மனதில் இப்போது தெளிவாக இருப்பது இதுதான்: தப்பு அந்த நாற்காலி வரிசையில் இருக்கிறது. ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, அடுத்து தலைமை நீதிபதி என்று எழுதி வைத்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் எழுதினார்கள். இரண்டு பேர் கொள்கைக்காக அடுத்தடுத்து எழுந்து போவார்கள் என்று நினைத்து எழுதவில்லை. இந்தியாவிலும் 1969இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா ஒரு மாதம் ஜனாதிபதி வேலை பார்த்தார். இங்கே 2019 நவம்பர் கடைசியிலும் வையாபுரி விலகியதும் தலைமை நீதிபதி எடி பாலன்சி சில நாள் அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்போது எந்தச் சட்டமும் நடுவில் வந்து நிற்கவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. 2002இல் வந்து நின்றது. இனியும் ஒரு நாள் வரும்.

தலைமை நீதிபதி பொறுப்பில் இருக்கும் நாட்களில் எந்த மசோதாவுக்கும் ஒப்புதல் கையெழுத்து கூடாது, புது ஜனாதிபதி வரும்வரை அது காத்திருக்கட்டும் என்று சாசனத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். 2002இல் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் அரசுக்கு ஆகியிருக்கும் தாமதம் ஏழு நாள். ஆஃப்மான் வந்து போட்டிருப்பார். ஏழு நாளில் எந்தப் பயங்கரவாதி இந்தத் தீவுக்கு வந்திருப்பான்? இதை எழுதும்போதே இன்னொன்றும் மனதில் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வரி இல்லாவிட்டாலும் அவர் அந்த ஏழு நாள் பேனாவை மேசை மேல் வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. நாற்காலி வரிசையைக் குறை சொல்வது அந்த எண்ணத்தை முழுசாக அழிக்கவில்லை.

பதவிக்குப் பிறகும் அவர் வேலை ஓயவில்லை. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழுவில் பல வருஷம் உறுப்பினராக இருந்து, பின்னர் அதன் தலைவரும் ஆனார். உலகப் பொருளாதார நெருக்கடியில் நாட்டுக்கு நாடு ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் வெட்டிக்கொண்டிருந்த 2012ஆம் வருஷம், மே 16ஆம் தேதியிட்டு, உடன்படிக்கையில் சேர்ந்த அரசுகள் எல்லாவற்றுக்கும் குழுவின் தலைவராக ஒரு கடிதம் அனுப்பினார். சிக்கனம் என்ற பெயரில் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அது நெருக்கடி இருக்கும் காலத்துக்கு மட்டும் இருக்கட்டும். வேறு வழியில்லை என்று காட்ட வேண்டும், அளவு மீறக்கூடாது. யாரையும் பாகுபடுத்தக் கூடாது. ஏழைக்கு மிகக் குறைந்தபட்சமாக இருக்க வேண்டியதைத் தொடக் கூடாது. சாரம் இவ்வளவுதான். மனித உரிமை படிக்கிறவர்கள் இன்றும் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். அதைப் படித்தபோது அதன் கீழே இருந்த கையெழுத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரசுகளைப் பார்த்து, நிறுத்து, அளவு பார், எவ்வளவு நாளைக்கு என்று சொல் என்று கேட்கிற கையெழுத்து. 2002இல் போட்டதும் அதே கைதான்.

சென்ற செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தப் பையனை முன்னால் வரச் சொன்னேன். உனக்கு அன்றைக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஜனாதிபதியாக இருந்தவர் பதினொரு வருஷம் தலைமை நீதிபதியாக இருந்தார், தலைமை நீதிபதி என்றால் யார், போலீஸ் ஒருவரைப் பிடித்தால் அவரை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பார்ப்பது ஏன் நீதிபதியின் வேலையாக இருக்க வேண்டும், அதை எடுத்துக்கொள்ள நாடாளுமன்றத்துக்குக்கூட உரிமை இல்லை என்று நம் நீதிமன்றம் எப்படிச் சொன்னது என்று, முடிந்த அளவு சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அப்பாவின் படத்தையும் கொண்டுபோயிருந்தேன். ஊசியை எடுக்கவில்லை, இரண்டு காகிதமும் சேர்ந்தபடியே காட்டினேன். பிள்ளைகள் துரு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பையன் படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அப்போ அவர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் ஒரு ஆளைப் பிடித்தால் எவ்வளவு நேரம் வக்கீலைப் பார்க்க முடியாது மிஸ் என்று கேட்டான். 36 மணி நேரம் என்றேன். விரல் விட்டு எண்ணினான். ஒன்றரை நாள் என்றான். ஆமாம் என்றேன். கரும்பலகையில் அதைத் தமிழ் எண்ணில் எழுதச் சொன்னேன். எழுதினான்.